யு.கே.வில் வீடு பார்க்கிறீங்களா? வாடகையைப் பார்க்கும் முன்னாடி இ.பி.சி.யைப் பாருங்க



ஒரு ஒன் பெட்ரூம் ஃபிளாட், மாச வாடகை 1,250 பவுண்டு. இன்னொன்னு 1,310 பவுண்டு. ரெண்டுமே ரெடிங் ஊர்ல, ரெண்டும் ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரம்தான். நீங்க எதை எடுப்பீங்க?

சென்னையில இருந்து ஆன்சைட் போன ஒரு தம்பி என்கிட்ட இதைத்தான் கேட்டார். "சார், மாசம் 60 பவுண்டு மிச்சம், நம்ம காசுல சுமார் ஏழாயிரம் ரூபா. சின்ன வாடகை வீட்டுக்கே டோக்கன் போட்டுடட்டுமா?"

"ரெண்டு வீட்டோட இ.பி.சி.யும் பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன்.

"ஈ.சி.யா சார்? வாடகை வீட்டுக்கு எதுக்கு வில்லங்கம் பார்க்கணும்?"

அவர் மேல தப்பே இல்லை. நம்ம ஊர்ல ஈ.சி. போட்டுப் பார்க்காம யாரும் மனை வாங்க மாட்டோம். ஆனா ஒரு வீட்டைச் சூடாக வைக்க வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும்னு ஒரு சான்றிதழ் சொல்லும்னு நமக்குப் பழக்கமே கிடையாது. ஏ.சி. வாங்கப் போனா எத்தனை ஸ்டார்னு பார்க்கிறோம். ஃபிரிட்ஜுக்கும் பார்க்கிறோம். அந்த ஏ.சி.யை மாட்டப் போற வீட்டுக்கு எத்தனை ஸ்டார்னு கேட்கிறது இல்லை. இந்தியாவுல பி.இ.இ. அமைப்பு 2018-லயே வீடுகளுக்கு ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒரு கோட் கொண்டுவந்தது. ஆனா நீங்க ரீசேல் ஃபிளாட் வாங்கும்போதோ வாடகைக்குப் போகும்போதோ அப்படி ஒரு பேப்பர் உங்க கைக்கு வராது.

யு.கே.ல அது வரும். வரணும்னு சட்டமே இருக்கு. ஆனா வர்ற பேப்பரைப் பத்தோட பதினொண்ணா ஃபோல்டர்ல போட்டுட்டுப் போயிடறோம். மாச பட்ஜெட்ல நூறு பவுண்டு வரைக்கும் ஓட்டை விழுறது அங்கதான். இந்த வருஷம் யு.கே. கிளம்பறவங்க, அங்கயே செட்டில் ஆகி முதல் வீடு வாங்கப் பார்க்கிறவங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். சட்டம் பத்தி சொல்றது எல்லாம் இங்கிலாந்துக்குப் பொருந்தும். பெரும்பாலானது வேல்ஸுக்கும் சரி. ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து விதிகள் தனி.

இ.பி.சி.ன்னா என்ன?

எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் சர்டிஃபிகேட். வீட்டுக்கு ஒரு மார்க் ஷீட்னு வெச்சுக்கோங்க. மார்க்கை வெச்சு ஏ-யில இருந்து ஜி வரைக்கும் கிரேடு. 92-ல இருந்து மேல ஏ, 81 முதல் 91 வரை பி, 69 முதல் 80 வரை சி, 55 முதல் 68 வரை டி, 39 முதல் 54 வரை இ, 21 முதல் 38 வரை எஃப், அதுக்குக் கீழே ஜி.

ஐரோப்பிய யூனியன் உத்தரவுப்படி 2007-ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது. அப்போ வீடு விற்கிறவங்க ஹோம் இன்ஃபர்மேஷன் பேக்னு ஒரு பெரிய ஃபைல் தயார் பண்ணணும், அதுக்குள்ள ஒரு பேப்பரா இது இருந்தது. அந்த ஃபைலை 2010-ல தூக்கிட்டாங்க, இ.பி.சி. மட்டும் தங்கிடுச்சு. வாடகை வீடுகளுக்கு 2008 அக்டோபர்ல இருந்து கட்டாயம். ஒரு தடவை எடுத்தா 10 வருஷம் செல்லும்.

விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் போடறதுக்கு முன்னாடியே ஓனர் இதுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கணும். வீடு பார்க்க வர்றவங்களுக்கு இலவசமா காட்டணும். காட்டலைன்னா 200 பவுண்டு அபராதம். நமக்கு இதுல இருக்கிற பெரிய வசதி என்னன்னா, ஓனர்கிட்டயும் ஏஜென்ட்கிட்டயும் கெஞ்ச வேண்டியதே இல்லை. அரசாங்கத்தோட வெப்சைட்ல போஸ்ட்கோடு போட்டா அந்தத் தெருவுல சர்டிஃபிகேட் எடுத்த வீடு எல்லாம் வரிசையா வரும். காசு கிடையாது, லாகின் கிடையாது. சென்னையில உட்கார்ந்துக்கிட்டே பார்க்கலாம். நம்ம பத்திரப்பதிவு சைட்டோட மல்லுக்கட்டிப் பழகினவங்களுக்கு இது கொஞ்சம் நம்ப முடியாத அனுபவமா இருக்கும்!

கிரேடை மட்டும் பார்த்துட்டு மூடிடாதீங்க

எல்லாரும் கலர் கலரா இருக்கிற அந்தப் படத்தைப் பார்ப்பாங்க. சி-யா, நல்லது. டி-யா, பரவாயில்லை. அவ்வளவுதான், மூடிடுவாங்க. ஒரு கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்ல நோட்ஸைப் படிக்காம லாபத்தை மட்டும் பார்க்கிற மாதிரிதான் இது.

முதல்ல சர்டிஃபிகேட் தேதியைப் பாருங்க. அதுல "இந்த வீட்டுக்கு ஹீட்டிங், சுடுதண்ணி, லைட்டுக்கு வருஷம் இவ்வளவு பவுண்டு ஆகும்"னு ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகை சர்டிஃபிகேட் எடுத்த நாளோட மின்சார, கேஸ் விலையில போட்டது. 2017-ல எடுத்த சர்டிஃபிகேட்ல 600 பவுண்டுன்னு இருந்தா அது 2017-ஓட 600. 2022-க்கு அப்புறம் அங்க எனர்ஜி விலை எங்க போச்சுன்னு செய்தியில பார்த்திருப்பீங்க. அதனால பவுண்டை விட்டுடுங்க, யூனிட்டைப் பாருங்க. வீட்டைச் சூடாக்க வருஷத்துக்கு எத்தனை கிலோவாட் அவர், சுடுதண்ணிக்கு எத்தனைன்னு தனியா இருக்கும். ஒரு கிலோவாட் அவர்ங்கிறது நம்ம ஈ.பி. கார்டுல வர்ற ஒரு யூனிட்தான்.

அடுத்தது, மெயின் ஹீட்டிங்னு ஒரு வரி இருக்கும். கேஸ் பாய்லரா, எலக்ட்ரிக்கா? இந்த ஒரே வரியில பாதிக் கதை முடிஞ்சுடும். யு.கே.ல ஆஃப்ஜெம்னு ஒரு ரெகுலேட்டர் இருக்காங்க, அவங்க ஒரு யூனிட்டுக்கு இதுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு உச்ச விலை நிர்ணயிக்கிறாங்க. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் அந்த விலை மின்சாரம் ஒரு யூனிட் சராசரியா 26.35 பென்ஸ், கேஸ் ஒரு யூனிட் 6.29 பென்ஸா இருந்தது. அதாவது மின்சாரம் நாலு மடங்குக்கு மேல விலை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இந்த விலை மாறும். ஆனா ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அவ்வளவு சீக்கிரம் மூடாது.

இப்போ அந்த ரெடிங் தம்பியோட ரெண்டு வீட்டுக்கும் கணக்குப் போடுவோம். எண்களைக் கொஞ்சம் ரவுண்டு பண்ணிக்கிறேன்.

1,250 பவுண்டு வீடு 1970-கள்ல கட்டின கட்டடம், டாப் ஃபிளோர், சுவத்துல எலக்ட்ரிக் பேனல் ஹீட்டர், கிரேடு இ. ஹீட்டிங்கும் சுடுதண்ணியும் சேர்த்து வருஷம் 6,000 யூனிட். 26.35 பென்ஸால பெருக்கினா 1,581 பவுண்டு. மாசம் சுமார் 132.

1,310 பவுண்டு வீடு கேஸ் காம்பி பாய்லர், கிரேடு சி. தேவை வருஷம் 4,500 யூனிட். பாய்லர்ல கொஞ்சம் சூடு வீணாகும், 90 சதவீதத் திறன்னு வெச்சா 5,000 யூனிட் கேஸ் எரியணும். அது 314 பவுண்டு 50 பென்ஸ். கேஸ் கனெக்ஷன் வெச்சிருக்கிறதுக்கே அப்போ ஒரு நாளைக்கு 34 பென்ஸ் ஸ்டாண்டிங் சார்ஜ், வருஷத்துக்கு 124 பவுண்டு. மொத்தம் கிட்டத்தட்ட 439 பவுண்டு. மாசம் 37.

வித்தியாசம் மாசம் 95 பவுண்டு. வாடகையில மிச்சம் பிடிச்சது 60. ஆக "சீப்பான" வீட்டுக்குப் போனா மாசம் 35 பவுண்டு அதிகமா கட்டணும், வருஷத்துக்கு 420 பவுண்டு. அதுவும் மாசாமாசம் சமமா வராது. ஜூலையில ஒண்ணுமே தெரியாது, ஜனவரியில ஒரே பில்லா வந்து உட்காரும். புதுசா போனவங்க முதல் குளிர்காலத்துல ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு டீம்ஸ் மீட்டிங்ல உட்கார்றதுக்கு இதுதான் காரணம்.

எலக்ட்ரிக்னாலே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எகானமி 7-ன்னு ஒரு டாரிஃப் இருக்கு, ராத்திரி ஏழு மணி நேரம் விலை குறைவு. ஸ்டோரேஜ் ஹீட்டர் அந்த நேரத்துல சூட்டைச் சேர்த்து வெச்சுக்கிட்டு பகல்ல விடும். அது இருந்தா மேலே போட்ட கணக்கு கொஞ்சம் இறங்கும். ஆனா மீட்டர் ரெண்டு ரேட் மீட்டரா இருக்கணும். ஏஜென்ட்கிட்ட இதை நேரடியா கேளுங்க. "எலக்ட்ரிக் ஹீட்டிங், வெரி எஃபீஷியன்ட்"னு அவர் சொன்னா தலையாட்டாதீங்க. ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் சூடா மாறுதுங்கிற அர்த்தத்துல அது உண்மைதான். பில் கட்டுறது நீங்க!

மிச்சம் இருக்கிற வரிகள் சுவர், கூரை, ஜன்னல், தரை. ஒவ்வொண்ணுக்கும் வெரி புவர்ல இருந்து வெரி குட் வரைக்கும் ஒரு மதிப்பு. இதுல கூரையை மட்டும் விடாதீங்க, குறிப்பா டாப் ஃபிளோர் எடுக்கிறவங்க. சூடு மேல ஏறிப் போயிடும், அப்புறம் நீங்க வானத்துக்குத்தான் ஹீட்டர் போடறீங்க.

ஒரு போனஸ் டிப். யு.கே. வாடகை விளம்பரத்துல பல நேரம் வீட்டோட பரப்பளவே இருக்காது, "ஸ்பேஷியஸ்"னு மட்டும் போட்டிருப்பாங்க. இ.பி.சி.யில டோட்டல் ஃபிளோர் ஏரியா சதுர மீட்டர்ல இருக்கும். 10.76-ஆல பெருக்கினா நமக்குப் பழகின சதுர அடி. 45 சதுர மீட்டர்னா 484 சதுர அடி. நம்ம ஊர் சூப்பர் பில்டப் மாதிரி படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் இதுல சேராது. போட்டோவை வைட் ஆங்கிள்ல எடுத்து ஏமாத்தறவங்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

இந்தப் பேப்பர் எங்க கால் வாரும்?

இ.பி.சி.யை வேதவாக்கா எடுத்துக்கவும் கூடாது. அது அளந்து எடுத்த கணக்கு இல்லை. அசெஸர் ஒருத்தர் வந்து பார்ப்பார், அளப்பார், சாஃப்ட்வேர்ல போடுவார். சுவத்தை உடைச்செல்லாம் பார்க்க மாட்டார். உள்ள இன்சுலேஷன் இருக்கான்னு தெரியலைன்னா கட்டடத்தோட வயசை வெச்சு ஒரு அனுமானம், பக்கத்துல "அஸ்யூம்ட்"னு போட்டுடுவார். அந்த வார்த்தை நாலு இடத்துல இருந்தா கிரேடுக்கு மேலயோ கீழேயோ கொஞ்சம் இடம் விட்டுப் படிங்க. இன்னொன்னு, கிரேடு பெரும்பாலும் செலவை வெச்சுப் போடறது. அதனால சுவர் நல்லா இருந்தும் எலக்ட்ரிக் ஹீட்டிங்கிற ஒரே காரணத்தால மார்க் குறைஞ்ச ஃபிளாட்டும் உண்டு.

லண்டன்ல புதுசா கட்டின உயரமான அபார்ட்மென்ட் பக்கம் போறவங்க கொஞ்சம் நில்லுங்க. இ.பி.சி. பி இருக்கும், பார்க்கவே ஜோரா இருக்கும். ஆனா உள்ள பாய்லர் கிடையாது, கட்டடம் முழுக்க ஒரே இடத்துல இருந்து சூடுதண்ணி வரும் ஹீட் நெட்வொர்க். இதுல ரெண்டு சிக்கல். உங்களுக்குப் பிடிச்ச கம்பெனிக்கு மாற முடியாது, அந்த நெட்வொர்க்கை நடத்துறவங்கதான் எல்லாம். மேலே சொன்ன ஆஃப்ஜெம் உச்ச விலையும் அந்தச் சூட்டுக்குப் பொருந்தாது. பி கிரேடுன்னு நம்பிப் போய் டெய்லி சார்ஜைப் பார்த்து அதிர்ந்தவங்க இருக்காங்க. இந்த மாதிரி கட்டடத்துல இ.பி.சி.யை விட, இப்போ குடியிருக்கிறவரோட ஜனவரி ஹீட் பில்லைக் கேட்டு வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

ஷேரிங்ல ஒரு ரூம் மட்டும் எடுக்கிறீங்களா? தனி ரூமுக்கு இ.பி.சி. கட்டாயம் இல்லை. பில்ஸ் இன்க்ளூடட்னா ஹீட்டிங் கவலை ஓனரோடது. ஆனா அக்ரிமென்ட்ல "ஃபேர் யூசேஜ்"னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், மாசம் இத்தனை பவுண்டுக்கு மேல போனா எல்லாரும் பிரிச்சுக் கட்டணும்னு. அந்த எண் எவ்வளவுன்னு கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க.

எஃப், ஜி வீட்டை வாடகைக்கு விடவே கூடாது

இங்கிலாந்து, வேல்ஸ்ல 2018 ஏப்ரல் 1 முதல் புது வாடகை ஒப்பந்தத்துக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கனவே இருக்கிற ஒப்பந்தத்துக்கும் குறைஞ்சபட்சம் இ கிரேடு வேணும். ஓனர் 3,500 பவுண்டு வரைக்கும் செலவு பண்ணியும் இ வரலைன்னா எக்ஸெம்ப்ஷனுக்கு முறையா பதிவு பண்ணணும், அது அஞ்சு வருஷம் செல்லும். ஒண்ணும் பண்ணாம வாடகைக்கு விட்டா கவுன்சில் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்டு வரைக்கும் அபராதம் போடலாம்.

நீங்க பார்த்த வீடு எஃப்-ல இருந்தா ரெண்டே காரணம்தான். எக்ஸெம்ப்ஷன் வாங்கியிருக்கார், இல்லைன்னா சட்டத்தை மீறுறார். எது எப்படி இருந்தாலும் குளிர்ல நடுங்கப் போறது நீங்கதான். என் சிபாரிசு, விட்டுட்டு அடுத்த வீட்டைப் பாருங்க.

இதோட ஒட்டின மத்த பேப்பர்களை வேகமா சொல்லிடறேன். கேஸ் இருந்தா வருஷா வருஷம் எடுக்கிற கேஸ் சேஃப்டி ரெக்கார்டு, வயரிங்குக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற எலக்ட்ரிக்கல் ரிப்போர்ட், ரெண்டையும் கேட்டு வாங்குங்க. வீட்டைப் பிடிச்சு வைக்கிற ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகைக்கு மேல கூடாது. செக்யூரிட்டி டெபாசிட், வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தா அஞ்சு வார வாடகைதான் உச்சம். 1,250 பவுண்டு வாடகைக்கு அது 1,442 பவுண்டு. பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துப் பழகின சென்னைக்காரங்களுக்கு இது தேன் மாதிரி இருக்கும். அந்த டெபாசிட்டை 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச ஸ்கீம்ல போட்டு உங்களுக்கு விவரம் கொடுக்கணும்.

"இ.பி.சி. சார்ஜ்", "ரெஃபரன்ஸ் சார்ஜ்", "அட்மின் ஃபீஸ்"னு ஏஜென்ட் கேட்டா கொடுக்காதீங்க. 2019 ஜூன்ல இருந்து இங்கிலாந்துல டெனன்ட்கிட்ட இதெல்லாம் வாங்கத் தடை.

யு.கே.ல கிரெடிட் ஹிஸ்டரி இல்லைன்னு சொல்லி ஆறு மாச வாடகையை மொத்தமா முன்கூட்டி வாங்கறது புதுசா வந்த நம்ம ஆளுங்களுக்கு நடந்துக்கிட்டிருந்த கொடுமை. பர்சனல் லோன் போட்டு அதைக் கட்டிட்டுப் போனவங்க எனக்குத் தெரியும். 2025-ல வந்த ரென்டர்ஸ் ரைட்ஸ் சட்டப்படி, 2026 மே 1 முதல் இங்கிலாந்துல ஒரு மாசத்துக்கு மேல முன்வாடகை கேட்கக் கூடாது. லோனுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி இதை ஏஜென்ட்கிட்ட எடுத்துச் சொல்லுங்க.

வாங்கப் போறவங்க கவனத்துக்கு

வாடகைக்கு இருக்கிறவர் தப்பான வீட்டுக்குப் போனா ஒரு வருஷத்துல மாறிடலாம். வாங்கறவருக்கு அது 25 வருஷக் கடன். இங்கதான் ஒரு விஷயத்தை நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. ஜி கிரேடு வீட்டை விற்கலாம், தடை எதுவும் இல்லை. வாடகைக்கு விடத்தான் தடை. அதனால மார்க்கெட் விலையை விடக் கம்மியா ஒரு எஃப் கிரேடு ஃபிளாட் உங்க கண்ணுல படும். "இப்போதைக்கு இதுல இருப்போம், ஊருக்குத் திரும்பும்போது வாடகைக்கு விட்டுடலாம்"னு கணக்குப் போடுவீங்க. அந்த ரெண்டாவது பாதி நடக்காது. செலவு பண்ணி இ-க்கு ஏத்தின பிறகோ, எக்ஸெம்ப்ஷன் பதிவு பண்ணின பிறகோதான் வாடகைக்கு விட முடியும்.

சரி, இ இருந்தா போதுமா? இந்த வரம்பு மேல ஏறப் போற வரம்பு. முந்தைய அரசு வாடகை வீடு எல்லாம் சி ஆகணும்னு ஒரு திட்டம் வெச்சிருந்தது, 2023 செப்டம்பர்ல ரிஷி சுனக் அதைக் கைவிட்டார். அடுத்து வந்த அரசு 2025-ல மறுபடி எடுத்து, 2030-க்குள்ள சி ஆக்கணும்னு முன்மொழிஞ்சு கருத்து கேட்டது. இன்னைக்கு டி, இ-ல ஒரு ஃபிளாட் வாங்கி நாளைக்கு வாடகைக்கு விட நினைக்கிறவங்க, சி-க்குக் கொண்டு போற செலவையும் வாங்கற விலையோட சேர்த்தே கணக்குப் போடணும்.

அந்தச் செலவு எவ்வளவுன்னு இ.பி.சி.யிலேயே ஒரு துப்பு இருக்கு. இப்போதைய கிரேடுக்குப் பக்கத்துல "பொட்டென்ஷியல்"னு இன்னொரு கிரேடு, கீழே என்னென்ன செஞ்சா அது வரும், தோராயமா எவ்வளவு ஆகும்னு வரிசையா இருக்கும். கூரைக்குள்ள 270 மில்லிமீட்டர் இன்சுலேஷன், எல்.இ.டி. லைட் மாதிரி சின்ன வேலையா இருந்தா சந்தோஷம். சாலிட் பிரிக் சுவத்துக்கு இன்சுலேஷன்னு இருந்தா அது ஆயிரக்கணக்குல இழுக்கும்.

ஃபிளாட்டா இருந்தா இன்னும் ஒரு கேள்வி இருக்கு. அங்க ஃபிளாட்டுகள் பெரும்பாலும் லீஸ்ஹோல்டு. உங்க வீட்டு வெளிச்சுவரும் கூரையும் உங்களோடது இல்லை, ஃப்ரீஹோல்டரோடது. சுவத்துக்கு இன்சுலேஷன் போடணும்னு நீங்க ஆசைப்பட்டாலும் அவர் அனுமதி வேணும். ஒரே கிரேடு, ஒரே விலைன்னு ஒரு சின்ன டெரஸ் வீடும் லீஸ்ஹோல்டு ஃபிளாட்டும் இருந்தா, ரிப்பேர் உங்க கையில இருக்கிற வீட்டுக்குத்தான் என் ஓட்டு. சர்வீஸ் சார்ஜ் பத்தி தனியா ஒரு வீடியோவே போடலாம், அவ்வளவு இருக்கு.

விற்கும்போது பில் பேசும்

ஆடிட்ல நாங்க ஒண்ணு சொல்வோம், பில் இல்லைன்னா அந்தச் செலவே நடக்கலை. இ.பி.சி. அசெஸரும் அப்படித்தான். நீங்க ரெண்டாயிரம் பவுண்டு போட்டு சுவத்துக்குள்ள இன்சுலேஷன் நிரப்பியிருக்கலாம். அது வெளியே தெரியாது. கேரன்டி பேப்பரைக் காட்டினா மார்க் போடுவார், காட்டலைன்னா கட்டின வருஷத்தை வெச்சு "நோ இன்சுலேஷன், அஸ்யூம்ட்"னு எழுதிட்டுப் போயிடுவார். இன்சுலேஷன் கேரன்டி, ஜன்னல் மாத்தினப்போ வந்த ஃபென்சா சர்டிஃபிகேட், பாய்லர் மாடல் விவரத்தோட இன்வாய்ஸ், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே ஃபோல்டர்ல வையுங்க. வாங்கறவரோட சொலிசிட்டர் கேட்கப் போறதும் இதையேதான்.

பழைய சர்டிஃபிகேட் பத்து வருஷம் முடியலைன்னா அதையே காட்டி விற்கலாம். ஆனா நடுவுல பாய்லர் மாத்தியிருக்கீங்க, ஜன்னல் மாத்தியிருக்கீங்கன்னா புதுசா ஒண்ணு எடுத்துடுங்க. டி-ன்னு விளம்பரம் போகவேண்டிய வீட்டை இ-ன்னு போட்டு விற்கிறது சிக்கனம் இல்லை.

ஊருக்குத் திரும்பி, அங்க வீட்டை வாடகைக்கு விட்டா

இது கடைசி விஷயம், ஆனா எனக்கு அதிகமா வர்ற கேள்வி. நீங்க இந்தியா வந்துட்டா யு.கே. பார்வையில நான் ரெசிடென்ட் லேண்ட்லார்டு. ஏஜென்ட் உங்க வாடகையில செலவு போக அடிப்படை விகிதமான 20% வரியைப் பிடிச்சு எச்.எம்.ஆர்.சி.க்குக் கட்டிடுவார். முன்கூட்டியே விண்ணப்பிச்சு அனுமதி வாங்கினா முழு வாடகையும் உங்களுக்கு வரும். வரியை ரிட்டர்ன்ல நீங்களே கட்டணும்.

இ.பி.சி.க்குச் செலவு பண்ணினதை யு.கே. வரிக்கணக்குல எப்படிக் காட்டறது? பழைய பாய்லருக்குப் பதிலா அதே மாதிரி புது பாய்லர், சிங்கிள் கிளாஸ் ஜன்னலுக்குப் பதிலா டபுள் கிளேஸிங், இதெல்லாம் ரிப்பேர்னு அந்த வருஷ வாடகையில கழிச்சுக்கலாம். முன்னாடி இல்லாத இன்சுலேஷனைப் புதுசா போட்டா அது மூலதனச் செலவு, வீட்டை விற்கும்போது கேபிடல் கெயின்ஸ் கணக்குலதான் வரும். கையில இருந்து போறது ஒரே பணம்தான், ஆனா வரி மிச்சம் எப்போ வரும்ங்கிறது வேற.

இந்தியாவுல கதையே மாறிடும். திரும்பி வந்து ரெசிடென்ட் அண்ட் ஆர்டினரிலி ரெசிடென்ட் ஆன பிறகு அந்த வாடகைக்கு இங்கயும் வரி உண்டு, அங்க கட்டின வரிக்கு கிரெடிட் எடுத்துக்கலாம். ஆனா வாடகை வருமானத்துல நம்ம சட்டம் பராமரிப்புக்குன்னு பொதுவா 30% கழிக்க விடுது, அவ்வளவுதான். நீங்க 100 பவுண்டு செலவு பண்ணினாலும் 10,000 பவுண்டு செலவு பண்ணினாலும் அதே 30%. அதனால இ.பி.சி. ஃபீஸ், கேஸ் சர்டிஃபிகேட், பாய்லர் பில் எதுவும் இந்திய ரிட்டர்ன்ல தனியா கழியாது. யு.கே. ரிட்டர்ன்ல காட்டின லாபத்தை அப்படியே காப்பி பண்ணி இங்க போடறவங்க இருக்காங்க, ரெண்டும் ஒரே எண்ணா வராது.

அந்த வீட்டை வெளிநாட்டுச் சொத்துன்னு ஷெட்யூல் எஃப்.ஏ.ல காட்டறது இதுக்கெல்லாம் மேல முக்கியம். வாடகையே வரலைன்னாலும், பூட்டிக் கிடந்தாலும் காட்டணும். காட்டலைன்னா கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு வழி இருக்கு. 2024 அக்டோபர்ல இருந்து 20 லட்சத்துக்குள்ள இருக்கிற வெளிநாட்டு ஷேர், பேங்க் பேலன்ஸுக்கெல்லாம் அந்த அபராதத்துல இருந்து விலக்கு கொடுத்தாங்க. அந்த விலக்குல வீடு, நிலம் சேராது.